ஆன் ஆகாத கம்ப்யூட்டர்: கடைக்குத் தூக்கும் முன்

நாகப்பட்டினத்தில் வீட்டு முன்னறையில் டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் உண்டு. ஒரு கார்த்திகையில் 4 நாள் அடைமழை ஓய்ந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். விசிறி சுற்றியது, திரை கறுப்பாகவே இருந்தது. தை முகூர்த்தத்துக்கான 11 பத்திரிகைகள் அதற்குள் இருந்தன. கடையில் பார்த்தவர் ஐந்தே நிமிடத்தில், "மதர்போர்டு போச்சும்மா, புதுசுதான் போடணும்" என்றார். எல்லாப் பாகமும் சொருகியிருக்கும் பெரிய அட்டை அது. மனசு ஒப்பவில்லை, திரும்ப எடுத்து வந்துவிட்டேன். பாலிடெக்னிக் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ரேமை (தற்காலிக நினைவகப் பட்டை) கழற்றி, என் மகளின் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினான். திரை வந்துவிட்டது. அதன்பிறகு நானே கற்றுக்கொண்டேன். இப்போது எங்கள் தெருவில் யார் வீட்டு டெஸ்க்டாப் படுத்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள்: மெஷின் எந்த இடத்தில் நின்றுபோகிறது? விளக்கே எரியவில்லையா, விசிறி சுற்றியும் திரை வரவில்லையா, திரை வந்தும் விண்டோஸ் வரவில்லையா? மூன்றும் வேறு வேறு நோய். இதைப் பிரிக்காமல் கைவைத்தால் நல்ல பாகத்தையும் மாற்றச் சொல்லிவிடுவார்கள்.

விளக்கே எரியவில்லை என்றால் யுபிஎஸ்ஸை விட்டுவிட்டு, சுவரில் இருக்கும் பிளக்கில் நேராகச் சொருகிப் பாருங்கள். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு யுபிஎஸ் பேட்டரிதான் செத்திருந்தது. கேபினட்டின் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ்ஸில் (உள்ளே எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி) ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். வீடு பெருக்கும்போது கை பட்டு அணைந்திருக்கலாம். பிறகு பவர் கேபிளை உருவிவிட்டு, முன்பக்கப் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் இறங்கிவிடும். மறுபடி சொருகிப் போட்டால் சில சமயம் அதிலேயே சரியாகிவிடும்.

அப்படியும் எழவில்லை என்றால், எஸ்எம்பிஎஸ்ஸைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கரண்ட்டைத் துண்டித்துவிட்டு, அதன் எல்லா இணைப்புகளையும் உள்ளிருந்து கழற்றுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் பிளக்கில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதன் துளையையும் ஏதாவது ஒரு கறுப்பு ஒயரின் துளையையும் வளைத்த பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு, அப்புறம்தான் சுவர் சுவிட்சைப் போட வேண்டும். எஸ்எம்பிஎஸ் விசிறி சுற்றினால் உயிர் இருக்கிறது. ஆனால் வோல்டேஜ் சரியாக வருகிறதா என்று இதில் தெரியாது. ஒயர் எல்லாமே கறுப்பாக இருந்தால் இந்த வேலையை விட்டுவிடுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. பிளக்கை உருவிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும், அது ஆளையே அடிக்கும்.

விசிறி சுற்றுகிறது, திரை வரவில்லை. இதுதான் அதிகம் வரும் கேஸ். முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனியாக கிராபிக்ஸ் கார்டு (திரைக்குப் படம் அனுப்பும் அட்டை) போட்டிருந்தால் கேபிள் அந்தக் கார்டில்தான் இருக்க வேண்டும், மதர்போர்டின் துளையில் அல்ல. அது சரியாக இருந்தால் அடுத்தது ரேம். எங்களைப் போலக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து, அதன் தங்க நிறப் பற்களில் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும்.

பிளக்கை உருவுங்கள், கேபினட்டின் வெறும் இரும்பை ஒரு முறை தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ஸ்லாட்டின் ஓரக் கொக்கியை விலக்கினால் ரேம் மேலே எழும். ஓரத்தைப் பிடித்து எடுத்து, பற்களின் இரு பக்கமும் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் படும். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஸ்லாட்டையும் அதே பிரஷ்ஷால் துடையுங்கள். நடுவில் உள்ள வெட்டு பொருந்தும்படி வைத்து, 'டக்' என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கெட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். பீப் சத்தம் விடாமல் வந்தாலும் பெரும்பாலும் ரேம்தான் காரணம். புதிய போர்டுகளில் சத்தத்துக்குப் பதிலாக சிபியு (பிராசசர்), டிரேம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று எழுதிய குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு.

தேதி பழைய வருடத்துக்குப் போய்விட்டால் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரியை மாற்றுங்கள். 3 வோல்ட், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அதை எடுத்ததும் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடும் அடிப்படை புரோகிராம்) அமைப்புகள் கம்பெனி வைத்த நிலைக்குப் போய்விடும். அதனால் விண்டோஸ் வராமல் போகலாம். முடிந்தால் முன்னாலேயே பயாஸில் இருக்கும் பூட் மோடையும் (கம்ப்யூட்டர் எழும் முறை) சாட்டா மோடையும் (டிஸ்க்கோடு பேசும் முறை) செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

திரை வந்து, பூட் டிவைஸ் (விண்டோஸ் எழ வேண்டிய டிஸ்க்) இல்லை என்று எழுத்து வந்தால், சொருகியிருக்கும் பென்டிரைவை உருவிப் பாருங்கள். அடுத்து ஹார்டு டிஸ்க்கின் இரண்டு கேபிள்களையும் அழுத்தி மாட்டுங்கள். டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டினால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் மிச்சம் இருப்பதும் போய்விடும். விண்டோஸ் பாதியில் தொங்கினால், பட்டனை அழுத்திப் பிடித்து இரண்டு மூன்று முறை அணைத்துப் போட்டால் ரிப்பேர் திரை தானாக வரும். அதில் ஸ்டார்ட்அப் ரிப்பேர், பிறகு கடைசியாக ஏறிய அப்டேட்டை நீக்குவது என்று அந்த வரிசையில் போங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்.

எதுவும் பலிக்கவில்லை என்றால், வேறு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச சிஸ்டம்) பென்டிரைவ் ஒன்று தயார் செய்து அதிலிருந்து பூட் செய்யுங்கள். விண்டோஸ் செத்திருந்தாலும் டிஸ்க் நன்றாக இருந்தால், பிட்லாக்கர் பூட்டும் இல்லாவிட்டால், ஃபோட்டோ, ஃபைல் எல்லாம் தெரியும். வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தெரு அக்காவின் மறைந்த கணவருடைய படங்களை இப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முந்தின நாள்தான் அந்த அக்கா ஒரு கடையில் ஃபார்மட் செய்ய, அதாவது டிஸ்க்கை அழித்துவிட, சம்மதிக்க இருந்தார்.

கடைக்கே போக வேண்டிவந்தால், "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ஒரு தாளில் எழுதி, கேபினட்டின் மேல் ஒட்டிக் கொடுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.