வால்பாறைக்குக் கிளம்பும் முன்: கேமரா பையில் எதை வைப்பது, எதை விடுவது

ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் முதல் கொண்டை ஊசி வளைவு. வால்பாறை போய்ச் சேர்வதற்குள் இப்படி 40 வளைவுகள். ஒன்பதாவது வளைவில் இறங்கி நின்றால் கீழே ஆழியாறு அணை தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடக்கும். நேரம் நன்றாக இருந்தால் மேலே பாறை விளிம்பில் ஒரு வரையாடு நின்று உங்களை வேடிக்கை பார்க்கும். அணைக்கு ஒரு லென்ஸ் வேண்டும், ஆட்டுக்கு வேறு லென்ஸ் வேண்டும், இரண்டையும் மாற்றிக்கொண்டிருக்கும்போது மூடுபனி வந்து இரண்டையும் மறைத்துவிடும். மலையில் படம் எடுப்பது இப்படித்தான்.

கேமராவுக்குப் புதியவர்களுக்காக, மூன்று நாள் வால்பாறைப் பயணத்தை வைத்து இதை எழுதுகிறேன். மூணாறோ ஊட்டியோ போனாலும் கணக்கு பெரிதாக மாறாது.

படி 1: எதை எடுக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பாருங்கள். தேயிலைத் தோட்டம், நல்லமுடி பூஞ்சோலையில் பள்ளத்தாக்கு, கூழாங்கல் ஆற்றில் பிள்ளைகள் விளையாடுவது, புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்கு, மரஉச்சியில் இருவாச்சி. இதில் முதல் மூன்று மட்டும்தான் உங்கள் பட்டியல் என்றால் கேமரா வாங்கவே வேண்டாம். இன்றைய நல்ல போன் ஒன்று, ஒரு பவர் பேங்க், ஒரு குடை. முடிந்தது. குரங்கும் பறவையும் பட்டியலில் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள். போனில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கிய இருவாச்சி, கடைசியில் கறுப்பு மஞ்சள் கறையாகத்தான் மிஞ்சும்.

படி 2: பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா)

க்ராப் சென்சார் (படம் பதியும் சில்லு சிறியதாக உள்ள) கேமரா போதும். பழைய டிஎஸ்எல்ஆர் வீட்டிலோ மாமா வீட்டிலோ தூங்கினால் அதையே தட்டி எழுப்புங்கள். ஃபுல் ஃப்ரேமில் (பெரிய சென்சாரில்) இருட்டில் படம் சுத்தமாக வரும், உண்மைதான். ஆனால் அதற்கேற்ற நீள லென்ஸ் விலையிலும் எடையிலும் ஏறிவிடும். தோளில் இரண்டு கிலோ தொங்கினால் மதியத்துக்கு மேல் கேமரா பையை விட்டு வெளியே வராது.

இன்னொன்று. பாடிக்கு மட்டும் மழைத் தடுப்பு இருந்து, கூட வரும் கிட் லென்ஸுக்கு அது இல்லையென்றால் பயன் கிடையாது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

படி 3: லென்ஸ் (பணம் இங்கேதான் போக வேண்டும்)

மலை பெரியது, அதனால் அகலமான லென்ஸ் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் நினைத்தேன். 18 மி.மீ.யில் (லென்ஸின் இந்த எண் சிறிதானால் காட்சி அகலும், பெரிதானால் தூரம் கிட்டே வரும்) எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் பாதி வானம், பாதி சாலையோரப் புல், நடுவே மலை ஒரு கோடு. அகல லென்ஸ் கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகவும் தூரத்தில் இருப்பதைப் பொடியாகவும் காட்டும். அதற்கு முன்னால் ஒரு பாறையோ ஓடையோ வைத்துக் கொடுத்தால்தான் படம் நிற்கும்.

ஒன்றன் பின் ஒன்றாக நீலம் வெளுத்துப் போகும் மலை அடுக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் 100, 150, 200 மி.மீ.யில் எடுத்தவை. நீள லென்ஸில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கும்போது அடுக்குகள் நெருங்கி வந்து நிற்கும். ஆகவே காட்சிக்கும் அதுதான், குரங்குக்கும் அதுதான்.

புதியவருக்கு என் சிபாரிசு: கிட்டோடு வரும் 18-55, கூட ஒரு 55-250 அல்லது 70-300. கேனானின் 55-250 எஸ்டிஎம் லென்ஸ் 375 கிராம்தான். கேனான் க்ராப் பாடியில் சென்சார் சிறிதென்பதால் காட்சி 1.6 மடங்கு நெருங்கும், அதில் போட்டால் 400 மி.மீ. அளவுக்குக் கிட்டே இழுக்கும். நிக்கான், சோனி க்ராப் பாடிகளில் இந்தக் கணக்கு 1.5 மடங்கு. இருவாச்சி பறப்பதை இறகு இறகாக எடுக்க இது போதாது. அந்த ஆசை இருந்தால் 150-600 ஒன்றை மூன்று நாளுக்கு வாடகைக்கு எடுங்கள். முதல் பயணத்துக்கே வாங்காதீர்கள்.

நீள லென்ஸை ஆடாமல் பிடிக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. மி.மீ. எண்ணை க்ராப் மடங்கால் பெருக்குங்கள். 250க்கு 400 வந்தால் ஷட்டர் வேகம் 1/400 விநாடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, அதனால் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன், ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்) 1600, 3200 என்று கூசாமல் ஏற்றுங்கள். புள்ளி விழுந்த படத்தைக் கொஞ்சம் தேற்றலாம், ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

படி 4: பனி, மழை, வியர்க்கும் கண்ணாடி

என் கதையைக் கேளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து காரில் ஏசி ஓட, கேமரா முன்சீட்டில் என் மடியில். ஒன்பதாவது வளைவில் கதவைத் திறந்தால் தாயும் குட்டியுமாக இரண்டு வரையாடுகள், இருபதடி தூரத்தில். கேமராவைக் கண்ணில் வைத்தேன், வெறும் வெள்ளை. லென்ஸ் முழுக்க ஆவி படிந்திருந்தது. துணியால் துடைக்கத் துடைக்கத் திரும்பப் படிந்தது. அது தெளிவதற்குள் ஆடுகள் பாறைக்குப் பின்னால் போய்விட்டன.

குளிர்ந்த கண்ணாடியில் ஈரக்காற்று பட்டால் வியர்க்கும், ஐஸ் தண்ணீர் டம்ளர் மாதிரி. அதனால் மலையேறத் தொடங்கியதும் ஏசியை நிறுத்திக் கார் கண்ணாடியை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் கேமராவை ஜிப் போட்ட பையில் டிக்கியில் வையுங்கள். மாலையில் குளிரிலிருந்து அறைக்குள் வந்ததும் பையை உடனே திறக்க வேண்டாம், அரை மணி நேரம் விடுங்கள். பைக்குள் நான்கைந்து சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடுங்கள். புதுச் செருப்பு டப்பாவில் வருகிறதே, அதுதான்.

மழைக்கு விலையுயர்ந்த உறை வேண்டாம். லாட்ஜ் குளியலறையில் தரும் ஷவர் கேப் கேமராவுக்குக் கச்சிதமாக உட்காரும். லென்ஸ் ஹூட்டை (லென்ஸ் முனையில் மாட்டும் வளையம்) எப்போதும் மாட்டியே வைத்தால் தூறல் கண்ணாடியைத் தொடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி குறைந்தது மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நனையும், ஒன்று காணாமல் போகும். (மழைக்காலத்தில் மண்டியிட்டுத் தாழ்ந்த கோணத்தில் எடுக்கும் கலைஞர்கள் அட்டைப்பூச்சியை மறக்க வேண்டாம். அது உங்களை மறக்காது.)

படி 5: மற்றவை

ட்ரைபாட்: விடியற்காலைக் காட்சிக்கோ அருவி நீரைப் பட்டு மாதிரி இழுக்கவோ திட்டம் இருந்தால் மட்டும். சாலையோரக் கைப்பிடிச் சுவரும் ஒரு கிலோ அரிசி அடைத்த துணிப்பையும் பல வேளைகளில் போதும்.

ஃபில்டர் (லென்ஸ் முன்னால் திருகி மாட்டும் கண்ணாடி): ஒன்றே ஒன்று, போலரைசர். மழை நின்ற பின் தேயிலை இலைகளின் மேல் படியும் வெள்ளைப் பளபளப்பை அது எடுத்துவிடும், பச்சை பச்சையாகத் தெரியும். வாங்கும்போது லென்ஸ் மூடியின் உள்பக்கம் உள்ள எண்ணைப் பாருங்கள், 58 என்றால் 58. காட்டுக்குள் போனதும் கழற்றுங்கள், அது வெளிச்சத்தைக் குடிக்கும்.

பேட்டரி இரண்டு, மிரர்லெஸ் (டிஎஸ்எல்ஆரில் உள்ள கண்ணாடி இல்லாத கேமரா) என்றால் மூன்று. குளிரில் வேகமாக இறங்கும், மாற்று பேட்டரியைச் சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள். ஒரே பெரிய கார்டுக்குப் பதில் 64 ஜிபியில் இரண்டு.

ட்ரோன் வேண்டாம். சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் வனத்துறையோடுதான் மீதி விடுமுறை. ஃப்ளாஷும் வேண்டாம். குரங்குக்குப் பிஸ்கட் போட்டு அருகில் வரவழைப்பது அதைவிட மோசம். சாலையில் இறங்கிப் பழகிய குரங்கு வண்டியில் அடிபடுகிறது. புதுத்தோட்டத்தில் சாலைக்கு மேலே அவற்றுக்காகக் கயிற்றுப் பாலம் கட்டியிருப்பது இதனால்தான்.

படி 6: மொட்டை மாடி ஒத்திகை

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன் நீள லென்ஸோடு மாடிக்குப் போங்கள். காக்கை ஒன்றைப் படம் பிடியுங்கள். கறுப்பு உடம்பை எடுக்கும்போது கேமரா ஏமாந்து படத்தை வெளுக்க வைக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) -0.7க்கு இறக்கிப் பாருங்கள். சிங்கவால் குரங்குக்கும் இதேதான், இல்லாவிட்டால் முகத்தைச் சுற்றியுள்ள வெள்ளிப் பிடரி வெறும் வெள்ளையாக எரிந்துபோகும். மூடுபனிக்கு நேர் எதிர்: +0.7 அல்லது +1, இல்லையென்றால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை எடுக்காமல் விரலுக்குத் தெரியும்வரை பழகுங்கள். பிறகு பேட்டரியை சார்ஜ் போட்டு, கார்டு கேமராவுக்குள்தான் இருக்கிறதா, லேப்டாப்பிலேயே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.