எழும்பாத மொனிட்டர்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

உப்புவெளியில் இருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் மொனிட்டர் ஒன்றை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இது செத்துப் போச்சு போல. புதுசு ஒண்டு எவ்வளவு வரும்?" என்றார். என் கணினியில் கொழுவிப் பார்த்தேன். பளிச்சென்று படம் வந்தது.

"கணினியை என்ன செய்தனீங்கள் ரீச்சர்?"

"அதுக்கு ஒண்டுமில்லை, வீட்டில அதின்ர லைட் எரிஞ்சுகொண்டு இருக்கு."

இந்த லைட்டை நம்பித்தான் பலரும் மொனிட்டர்மேல் பழியைப் போடுகிறார்கள். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கணினி ஸ்லீப் என்னும் உறக்கத்துக்குப் போகும். மொனிட்டர் பெரும்பாலும் தானாக உறங்குவதில்லை. கணினியில் இருந்து படச் சமிக்ஞை நின்றால் அது கண்ணை மூடும், திரும்ப வந்தால் திறக்கும். ஆகவே திரை கறுப்பாகவே இருந்தால், கணினி எழும்பவில்லை, அல்லது எழும்பியும் சமிக்ஞை வந்து சேரவில்லை, அல்லது வந்த சமிக்ஞையை மொனிட்டரால் காட்ட முடியவில்லை. இது எது என்று பார்க்காமல் கையை வைப்பதுதான் முதல் தவறு.

பார்ப்பதற்கு ஒரு நொடி போதும். கீபோட்டில் கப்ஸ் லொக் விசையைத் தட்டுங்கள். அதன் சிறிய லைட் எரிந்து அணைந்தால் கணினி விழித்துத்தான் இருக்கிறது. அசையாவிட்டால் கணினி இன்னும் உறக்கத்தில், அல்லது நடுவழியில் உறைந்து நிற்கிறது. வயர் இல்லாத கீபோட்கள் பலவற்றில் இந்த லைட் கிடையாது. வயர் உள்ள ஒன்றைக் கடன் வாங்கியாவது பாருங்கள்.

அடுத்தது, பவர் பட்டனை அமத்திப் பிடிப்பது. நான் அதிகம் காண்பதும் அதிக நட்டம் தருவதும் இதுதான். உறக்கத்தில் இருக்கும் கணினி, திறந்து வைத்த வேலைகளை, மின்சாரம் இருக்கும்வரை மட்டுமே தாங்கும் ரெம் நினைவகத்தில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. பட்டனை நாலைந்து விநாடி பிடித்தால் மின்சாரம் முழுதாக அறுந்துவிடும், சேமிக்காத கடிதமும் அதோடு போய்விடும். ஒரு தட்டு மட்டும் தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். மௌஸை ஆட்டியும் எழும்பாத கணினி பல நேரம் இந்த ஒரு தட்டுக்கு எழும்பும். அப்படியானால் பழுது எதுவும் இல்லை, கணினியை எழுப்ப மௌஸுக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை. விண்டோஸில் உள்ள டிவைஸ் மனேஜரில் மௌஸின் பவர் மனேஜ்மென்ட் பகுதிக்குப் போய் அதைக் கொடுக்கலாம்.

கப்ஸ் லொக் எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் ஒன்றாக அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கும். சின்னதாக ஒரு பீப் சத்தம் கேட்கும், திரை ஒருதரம் வெட்டும். திறந்திருந்த வேலைகள் அப்படியே இருக்கும்.

இன்னொரு குழப்பம் உண்டு. "சட்டௌன் பண்ணித் திரும்பப் போட்டும் அதே கதைதான்" என்பார்கள். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் பாஸ்ட் ஸ்டார்ட்டப் என்றொரு வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் சட்டௌன் கொடுத்தால், விண்டோஸின் உள்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் எழுதப்படும். மறுநாள் அதே நிலை திரும்ப எடுக்கப்படும். குழம்பிப்போன டிரைவரும் குழம்பியபடியே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் முதலில் இருந்து தொடங்கும். பெயரைப் பார்த்தால் மறுபக்கமாகத்தான் நினைக்கத் தோன்றும், யாரையும் குறை சொல்ல முடியாது.

வாடைக் காற்றோடு மழை இறங்கும் கார்த்திகை, மார்கழியில் ஸ்லீப்பில் விட்டுவிட்டுப் படுக்கப் போவது எனக்குப் பிடிக்காது. இடையில் கரண்ட் போனால் ரெமில் இருந்தது அழிந்துவிடும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் யூபிஎஸ் இல்லாத வீட்டில், வேலையைச் சேமித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்புவதுதான் சரி.

சரி, கேபிளுக்கு வருவோம். எங்கள் ஊர்களில் ஒன்றின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, கேபிள் நுனியில் இருக்காதா? கடற்கரைப் பக்க வீடுகளில் உலோக நுனிகள் மங்கி, சில நேரம் பச்சை பிடித்துப்போகும். கழற்றி மறுபடி இறுக்கிக் கொழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும். கத்தியால் சுரண்டுவதும் எண்ணெய் பூசுவதும் வேண்டாம். சுத்தம் செய்வதென்றால் இரண்டு பக்கமும் மின்சாரத்தை எடுத்துவிட்டு ஐசோப்ரோபைல் அல்ககோல் பாவியுங்கள், நன்றாகக் காய விடுங்கள்.

கணினியையும் மொனிட்டரையும் இணைக்கும் கேபிள்களில் ஒரு வகையான டிஸ்ப்ளேபோர்ட் பாவிப்பவர்களுக்குத் தனித் தொல்லை ஒன்று உண்டு. சில மொனிட்டர்கள் ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும்போது, கேபிளையே கழற்றிவிட்டார்கள் என்று கணினி நினைத்துக்கொள்ளும். மொனிட்டரின் மெனுவில் டீப் ஸ்லீப் என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இன்புட்டைத் தானாகத் தேடவிடாமல், கேபிள் கொழுவிய இடத்தையே நிரந்தரமாகத் தெரிவு செய்யுங்கள்.

திரையில் டோர்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கு போய்விட்டது, அது திருத்துபவரின் வேலை. நீங்கள் மூடியைக் கழற்ற வேண்டாம். உள்ளே மின்சாரம் வரும் பக்கத்தில், அதைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில், நமது 230 வோல்ட் ஏறத்தாழ 325 வோல்ட்டாகச் சேர்ந்து நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது கொஞ்ச நேரம் இருக்கக்கூடும்.

அன்று பின்னேரம் ரீச்சர் வீட்டுக்குப் போனேன். மொனிட்டரைக் கொழுவினோம், கறுப்புத்தான். கப்ஸ் லொக் எரிந்தது. நான்கு விசைகளையும் அழுத்தினேன். பீப் என்றது, முந்தின நாள் அவர் பாதியில் விட்ட கடிதம் வந்து நின்றது. நல்லவேளை, பவர் பட்டனை அவர் தொடவே இல்லை.

"அப்ப ஓட்டோக் காசு மட்டும்தான் நட்டம்" என்றார்.