ஃபிரிட்ஜில் இருந்தாலும் ஆவி பறக்கச் சுட வையுங்கள்
வீட்டில் கீமோ (புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சை) எடுப்பவரோ, கர்ப்பிணியோ, வயதானவரோ இருந்தால் ஃபிரிட்ஜை ரொம்ப நம்ப வேண்டாம். லிஸ்டீரியா என்ற பாக்டீரியா 4 டிகிரி குளிரிலும் மெதுவாகப் பெருகும். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு போய்விடும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு அபூர்வமாக ரத்தத்தில் கலந்து உயிருக்கே உலை வைக்கும். தென்னாப்பிரிக்காவில் 2017-18இல் 200 பேருக்கு மேல் இந்தத் தொற்றால் இறந்தது, சுட வைக்காமல் அப்படியே சாப்பிடும் போலோனி என்ற சாசேஜ் வகை இறைச்சியால்தான்.

பாக்கெட் சாசேஜோ நேற்றைய குழம்போ, ஓரம் மட்டும் சுட்டால் போதாது. நடுவிலும் ஆவி பறக்க வேண்டும். மைக்ரோவேவ் என்றால் பாதியில் எடுத்துக் கிளறிவிட்டு மறுபடி வையுங்கள். காய்ச்சாத பால் வேண்டவே வேண்டாம். அப்புறம், காய்ச்சல் வந்தால் போன மாதம் சாப்பிட்டதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். லிஸ்டீரியா தொற்று வெளிப்படச் சில வாரங்கள்கூட ஆகலாம்.