சாய்ந்துகொண்டே இருந்த உயிர்ப்பாறை: என் அனுபவம்

ஒருவழியாக நிம்மதி. பினாங்கு, ஆயர் ஈத்தாமில் என் வீட்டு உப்புநீர்த் தொட்டியில் பிக்காசோ கிளாத்தி வளர்கிறது, முரட்டு மீன். காலையில் பார்த்தால் உயிர்ப்பாறை (பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) அடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

தொட்டி நீரை ஓடவைக்கும் அலை பம்பைத் திருப்பி வைத்தேன், பயனில்லை. எபாக்சி பசையால் ஒட்டினேன். பாறைகள் மொத்தமாகச் சாய்ந்தன. அடிப்பாறையின் ஓரத்தில் கிண்ணம்போல் விழுந்திருந்த குழிதான் துப்பு. கிளாத்தி வாயால் நீரைப் பீய்ச்சி, பாறைக்கடியில் இருந்த மணலை ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது.

பாறைகளை உப்புநீர் வாளிக்கு மாற்றி, அதில் பம்பையும் ஓடவிட்டேன். காய்ந்தால் கழிவை முறிக்கும் பாக்டீரியா செத்துவிடும். மணலை ஒதுக்கி, அகன்ற பாறைகளைக் கண்ணாடித் தரையிலேயே அமர்த்தி, அதன்பிறகே சுற்றிலும் மணலைப் பரப்பினேன். இப்போதும் தோண்டுகிறது, அடுக்கு அசைவதில்லை.