வெளிர் நிற எண்ணெய்ச் சருமத்துக்கு ஒப்பனைப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் முறை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

சித்திரை மாதத்துச் சென்னையில், காலை எட்டு மணிக்குக் கழுத்தோடு நன்றாகப் பொருந்தியிருந்த ஃபவுண்டேஷன் (முகநிறத்தைச் சீராக்கும் பூச்சு), நண்பகலில் நெற்றியிலும் மூக்கின் இருபுறமும் ஆரஞ்சுச் சாயலோடு திட்டுத்திட்டாகத் தெரிவதைப் பல ஆண்டுகள் அனுபவித்திருக்கிறேன். கடையில் நிறம் பார்த்துக் கொடுத்தவர்களின் பிழை என்றே அதை நெடுங்காலம் நினைத்திருந்தேன். வெளிர் நிறமும் எண்ணெய்ப் பசையும் ஒரே முகத்தில் சேர்ந்திருக்கும்போது, எந்தப் பொருளையும் பூசிய கணத்தில் மதிப்பிடக் கூடாது, சருமத்தின் எண்ணெய் வெளிவந்த பிறகே மதிப்பிட வேண்டும் என்பது எனக்குப் பின்னர்தான் புரிந்தது. ஆகவே, பெரும்பாலோர் முதலில் வாங்கும் ஃபவுண்டேஷனை இந்த விளக்கத்தில் கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன். முகம் கழுவும் பொருள், ஈரப்பதம் தரும் ஜெல், சன்ஸ்கிரீன் ஆகிய மூன்றும் உங்கள் முகத்துக்கு ஒத்துப்போன பிறகு நிறத்தைத் தேடுவதே செலவைக் குறைக்கும் வழி.

முதல் படி: உங்கள் சருமத்தை ஒரு மணி நேரம் கவனியுங்கள்

ஒரு விடுமுறை நாள் காலையில் மென்மையான ஃபேஸ் வாஷால் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, எதையும் பூசாமல் மின்விசிறியின் கீழ் ஒரு மணி நேரம் இருங்கள். பிறகு மெல்லிய டிஷ்யூ தாளை நெற்றி, மூக்கு, கன்னம், முகவாய் என்று இடத்துக்கு ஒன்றாக அழுத்தி எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். எல்லாத் தாள்களிலும் எண்ணெய்க் கறை தெரிந்தால் உங்களுடையது எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, முகவாயில் மட்டும் தெரிந்து கன்னம் இறுகியிருந்தால் அது கலப்புச் சருமம். அப்போது கீழே சொல்லப்படும் எண்ணெய் குறைக்கும் பொருள்களை முகத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் பயன்படுத்தினால் போதும்.

இந்த எண்ணெயைச் சுரப்பவை மயிர்க்கால்களை ஒட்டியுள்ள எண்ணெய்ச் சுரப்பிகள். அவற்றை இயக்குபவை பெரும்பாலும் ஆண்ட்ரோஜன் வகை ஹார்மோன்கள். எத்தனை முறை கழுவினாலும் சுரப்பி தன் வேலையை நிறுத்தாது என்பதால், எண்ணெயை ஒழிப்பதை நோக்கமாக வைத்துக்கொள்ளாமல், அது தரும் தொல்லையைக் கட்டுக்குள் வைப்பதையே நோக்கமாகக் கொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கற்று வருவதோடு, முகவாயிலும் தாடையிலும் ஆழமான பருக்களும் தோன்றினால், அது ஒப்பனைக் கடையில் தீரக்கூடிய சிக்கல் அன்று. சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கல் (பி.சி.ஓ.எஸ்) இருக்கிறதா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ள வேண்டும். மூக்கோரத்திலும் புருவத்திலும் சிவந்து மஞ்சள் செதில் உதிர்ந்தாலும் தோல் மருத்துவரையே நாடுங்கள்.

இரண்டாம் படி: முகம் கழுவும் பொருள்

நம் சருமத்தின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது, அமில, காரத் தன்மையைக் காட்டும் அதன் பி.எச் அளவு ஏறக்குறைய 5. சாதாரண குளியல் சோப்பின் பி.எச் 9 முதல் 10 வரை இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவியதும் முகம் 'கீச்சென்று' சுத்தமானதாகத் தோன்றுவது, எண்ணெயோடு சேர்த்துச் சருமத்தின் பாதுகாப்புப் படலத்தையும் அரித்துவிட்டதன் அடையாளம். வெளிர் நிறச் சருமத்தில் அந்த எரிச்சல் உடனே சிவப்பாகத் தெரிந்துவிடும். அந்தச் சிவப்பை மறைக்கப் பின்னர் இன்னொரு பொருள் வாங்க வேண்டியிருக்கும். எனவே, நுரை குறைவாக வரும் ஜெல் வகை ஃபேஸ் வாஷைத் தேர்ந்தெடுத்து, காலையிலும் இரவிலும், மிகுதியாக வியர்த்த பிறகும் மட்டும் கழுவுங்கள்.

கரும்புள்ளிகளும் சிறு பருக்களும் இருந்தால் 0.5 முதல் 2 சதவீதம் வரை சாலிசிலிக் அமிலம் சேர்ந்த ஃபேஸ் வாஷ் உதவும். இந்த அமிலம் எண்ணெயில் கரையக்கூடியது என்பதால், எண்ணெய் நிறைந்த சருமத் துளைக்குள் இறங்கி அடைப்பை இளக்குகிறது. முதல் இரண்டு வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா ஆகிய இரண்டையும் முகத்துக்கு வேண்டவே வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். முன்னது கடும் அமிலம். தோலில் பட்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருந்தழும்பும் வரலாம். பின்னது காரத்தன்மை கொண்டது. முல்தானி மட்டி எண்ணெயை உறிஞ்சும் என்பது உண்மையே. வாரத்துக்கு ஒரு முறை, முழுவதும் காய்ந்து இறுகும் முன்பே கழுவிவிட்டால் தீங்கில்லை.

மூன்றாம் படி: ஈரப்பதம்

எண்ணெய்ப் பசை இருப்பதால் மாய்ஸ்சரைசர் தேவையில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெயும் நீரும் வேறு வேறு. முகம் பளபளக்கும்போதே உள்ளே நீரின்றி இறுகியும் இருக்கலாம், குறிப்பாக நாள் முழுவதும் ஏ.சி. அறையில் வேலை செய்பவர்களுக்கு. கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் போன்ற நீரைப் பிடித்துவைக்கும் பொருள்கள் சேர்ந்த, நீரை அடிப்படையாகக் கொண்ட ஜெல்லைப் பட்டாணி அளவு எடுத்துப் பூசினால் போதும். 2 முதல் 5 சதவீதம் நயசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) சேர்ந்த ஜெல் கிடைத்தால் அதையே வாங்குங்கள். அது எண்ணெய்ப் பசையை ஓரளவு குறைப்பதோடு, பரு ஆறியபின் தங்கும் சிவப்பையும் பழுப்பையும் மெல்ல மங்கச் செய்கிறது. 10 சதவீதம் என்று பெரிதாக அச்சிட்டவற்றைத் தொடக்கநிலையினர் தேடிப்போக வேண்டியதில்லை. அளவு கூடக்கூட எரிச்சலுக்கான வாய்ப்பும் கூடும்.

புதிய பொருள் எதுவாயினும், முழங்கையின் உட்புறத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில், நாளுக்கு இரு முறை வீதம் ஒரு வாரம் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டு செல்லுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு புதிய பொருள்களைத் தொடங்கினால், பரு வந்தால் எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

நான்காம் படி: சன்ஸ்கிரீன்

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் நான் சன்ஸ்கிரீனையே சொல்வேன். வெளிர் நிறத் தோலில் மெலனின் குறைவு என்பதால் வெயில் விரைவில் சுடும். பருவின் வடுக்களும் வெயில் பட்டால் நெடுநாள் மறையாமல் தங்கும். எஸ்.பி.எஃப் (வெயில் காப்பு எண்) 30 என்பது, சரியான அளவில் பூசினால், தோலைச் சுடும் யு.வி.பி கதிர்களில் ஏறக்குறைய 97 சதவீதத்தைத் தடுக்கும். 50 என்பது 98 சதவீதத்தைத் தடுக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைவிட, எவ்வளவு பூசுகிறோம் என்பதே முக்கியம். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசித்தான் இந்த எண்களைக் கணக்கிடுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது ஏறக்குறைய இரண்டு விரல்களின் நீளத்துக்குப் பிழிந்தெடுக்கும் அளவு. பலர் பூசுவது அதில் பாதிகூட இருக்காது.

எண்ணெய்ச் சருமத்தினர் குறைவாகப் பூசுவதற்குக் காரணம் பிசுபிசுப்பு. இங்கே வெளிர் நிறத்தினருக்கு ஒரு வசதி இருக்கிறது. ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு சேர்ந்த சன்ஸ்கிரீன்கள் மாநிறத்திலும் கருநிறத்திலும் சாம்பல் பூசியதுபோல் வெளுத்துத் தெரியும். வெளிர் நிறத்தில் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. அவை எண்ணெயையும் சற்று உறிஞ்சி, முகத்தைப் பளபளப்பில்லாமல் வைக்கின்றன. உறைமீது 'ஜெல்', 'மேட்' அல்லது 'ஃப்ளூயிட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நிறம் கலந்த சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடுகள் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுப்பதால், மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டு) உள்ளவர்களுக்கு அது கூடுதல் பாதுகாப்பு. அலுவலக நாள்களில் ஃபவுண்டேஷனே தேவைப்படாமலும் போகலாம். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, முதலில் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு மீண்டும் பூசுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஏற்கெனவே வெளிர் நிறமாக இருப்பவர்களிடமும் 'இன்னும் வெளுக்கும்' என்று சொல்லி, பெயரும் உட்பொருள் பட்டியலும் இல்லாத டப்பாக்களில் கிரீம்களை விற்கிறார்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கக்கூடும். ஸ்டீராய்டு முதலில் முகத்தைப் பளிச்சென்று காட்டும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, நிறுத்தியதும் முகம் எரிந்து சிவக்கும். பாதரசமோ சிறுநீரகத்தைக் கெடுக்கும். மருத்துவர் எழுதித் தராத எந்த வெளுப்பூட்டும் கிரீமையும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

ஐந்தாம் படி: உறையைப் படியுங்கள்

உட்பொருள்கள் பொதுவாக அளவில் மிகுந்ததிலிருந்து குறைந்தது வரையிலான வரிசையில் அச்சிடப்படும். முதல் ஐந்து பெயர்களுக்குள் தேங்காய் எண்ணெய், கோகோ வெண்ணெய், லானோலின், ஐசோப்ரொப்பைல் மிரிஸ்டேட் ஆகியவற்றுள் ஒன்று இருந்தால், பரு எளிதில் வரும் சருமத்தினர் அதைத் தவிர்ப்பது நல்லது. 'நான்-காமெடோஜெனிக்' என்ற சொல்லை முழுமையாக நம்பிவிடவும் வேண்டாம். அது துளைகளை அடைக்காது என்று நிறுவனம் தரும் வாக்குறுதியே தவிர, எல்லா நாடுகளுக்கும் பொதுவான கட்டாயச் சோதனை அதற்குப் பின்னால் இல்லை. தலைக்கு வைக்கும் எண்ணெயையும் நினைவில் கொள்ளுங்கள். நெற்றியின் மேல்விளிம்பில் மட்டும் சிறு சிறு பருக்கள் வந்தால், எந்த ஃபேஸ் வாஷை மாற்றியும் பயனில்லை. எண்ணெயைக் கூந்தலின் நடுவிலிருந்து நுனி வரை மட்டும் வைத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: ஃபவுண்டேஷன்

வெளிர் நிறத்தவரைத் தமிழில் 'சிவப்பு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். இந்தச் சொல்லே கடையில் பலரை ஏமாற்றுகிறது. நம் ஊரில் வெளிர் நிறமுடைய பலருக்குச் சருமத்தின் அடிச்சாயல் மஞ்சளாகவோ, பசுமை கலந்த மஞ்சளாகவோ இருக்கிறது. ஆனால் கன்னத்திலும் மூக்கோரத்திலும் தெரியும் மேற்பரப்புச் சிவப்பைப் பார்த்து, விற்பனையாளர் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட ஃபவுண்டேஷனை எடுத்துத் தருகிறார். என் அத்தை மகளின் திருமண வரவேற்பில் எனக்கு ஒப்பனை செய்தவர் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார். புகைப்படங்களில் என் முகம் சாம்பல் கலந்த ரோஜா நிறத்திலும், கழுத்து மஞ்சளாகவும் இருக்கின்றன. அந்த ஆல்பத்தை இன்றும் மனவருத்தத்தோடுதான் புரட்டுகிறேன்.

இதைத் தவிர்க்க, அடிச்சாயலை அறிய மணிக்கட்டின் இரத்தக்குழாய் பச்சையா நீலமா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, தாடை எலும்பும் கழுத்தும் சேருமிடத்தில் மூன்று நிறங்களைக் கோடுகளாகப் பூசுங்கள். ஒன்று உங்களுக்குச் சரியென்று தோன்றுவது, இன்னொன்று அதைவிட ஒரு படி வெளிர்ந்தது, மூன்றாவது முதல் நிறத்தின் அளவே வெளிர்ந்து, மஞ்சள் சாயல் மட்டும் கூடியது. கடையின் விளக்கில் முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். பிறகு அப்படியே வீட்டுக்குப் போய், நான்கு மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள்.

காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான். ஃபவுண்டேஷனின் நிறம் டைட்டானியம் டையாக்சைடும், மஞ்சள், சிவப்பு, கறுப்பு இரும்பு ஆக்சைடுகளும் கலந்த நுண்தூளால் வருகிறது. உலர்ந்த வெள்ளை வேட்டியில் தண்ணீர் பட்ட இடம் மட்டும் எப்படி அடர்ந்து தெரிகிறதோ, அப்படியே எண்ணெயில் ஊறிய தூளும் அடர்ந்து தெரியும். கருநிறத்தில் இந்த மாற்றம் அவ்வளவாகக் கண்ணில் படாது. வெளிர் நிறத்திலோ அரைப்படி மாறினாலும் ஆரஞ்சாகத் துருத்தித் தெரியும். நான்கு மணி நேரம் கழித்து எந்தக் கோடு தோலோடு கரைந்து காணாமல் போகிறதோ, அதுவே உங்கள் நிறம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும், பூசியபோது சற்று வெளுத்ததாகத் தோன்றிய கோடாகவே இருந்திருக்கிறது. வகையைப் பொறுத்தவரை, எண்ணெயில்லாத, மேட் அல்லது இயல்பான மேட் தன்மை தரும் திரவ ஃபவுண்டேஷன் போதுமானது. 'ட்யூயி' என்று எழுதியிருப்பவை ஈரப் பளபளப்புக்கானவை, அது நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

ஏழாம் படி: பூசும் வரிசை

சன்ஸ்கிரீன் பூசிய பின் பத்து நிமிடம் காத்திருங்கள். அவசரப்பட்டு மேலே தேய்த்தால் இரண்டும் திரண்டு உருண்டை உருண்டையாக வரும். ஃபவுண்டேஷனுக்கு அடியில் பூசும் பிரைமர் தேவையென்றால் மூக்கிலும் நடுநெற்றியிலும் மட்டும் வையுங்கள். பருவின் சிவப்புக்கு, பச்சை நிறத் திருத்தியை ஊசிமுனை அளவு தொட்டு வைத்து, அதன்மேல் குறைகளை மறைக்கும் கன்சீலரை ஒற்றுங்கள். நிறச் சக்கரத்தில் எதிரெதிரே இருப்பதால் பச்சை சிவப்பைத் தணிக்கிறது. ஃபவுண்டேஷனை நனைத்துப் பிழிந்த ஸ்பஞ்சால், முகத்தின் நடுவிலிருந்து வெளிப்புறமாக, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்புங்கள். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் நெடுநேரம் நிற்கும்.

நிறமற்ற பவுடரைச் சிறு பஃப்பால் அழுத்தி வைத்து, மிகுதியைத் தட்டிவிடுங்கள். சிலிகா மிகுந்த வெள்ளைப் பவுடர்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தில் முகத்தை வெள்ளைத் திட்டாகக் காட்டும் என்பதால், திருமண நாளுக்கு முன்பே ஒரு புகைப்படம் எடுத்துச் சோதித்துவிடுங்கள். பகலில் பளபளப்பு வந்தால் உடனே பவுடர் போடாதீர்கள். முதலில் பிளாட்டிங் பேப்பரால் எண்ணெயை ஒற்றி எடுங்கள், தேவைப்பட்டால் மட்டும் பவுடர். ஜப்பானின் கியோட்டோ நகரம் 'அபுராத்தோரிகாமி' என்ற இத்தகைய மெல்லிய தாளுக்கும் பெயர் பெற்றது. அது கிடைக்காவிட்டால், மடித்த டிஷ்யூவை ஃபவுண்டேஷன் கலையாமல் அழுத்தி எடுத்தாலும் போதும்.

கண்ணிமையிலும் எண்ணெய் சுரக்கும். கண்மை கீழே இறங்குபவர்கள் இமையில் பவுடர் ஒற்றிவிட்டு, நீரில் கலையாத பென்சிலைப் பயன்படுத்தலாம். உதட்டுக்கு உங்கள் விருப்பமே விதி.

எட்டாம் படி: இரவில் களைதல்

நீரில் கலையாத ஒப்பனையை ஃபேஸ் வாஷ் மட்டும் முழுதாக நீக்காது. ஒப்பனையைக் களையும் திரவமான மைசெல்லர் வாட்டரில் பஞ்சை நனைத்து, மூடிய கண்ணின்மேல் சில நொடிகள் வைத்திருந்து துடைத்துவிட்டு, முகம் முழுவதும் துடைத்தபின் ஃபேஸ் வாஷால் கழுவி, ஜெல்லைப் பூசிக்கொண்டு படுங்கள். ஸ்பஞ்சை ஒவ்வொரு முறையும், பிரஷ்ஷை வாரத்துக்கு ஒரு முறையும் சோப்பு நீரில் அலசி, காற்றோட்டமான இடத்தில் முழுவதும் உலர வையுங்கள். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மூடிய பைக்குள் ஈரத்தோடு வைத்த ஸ்பஞ்சு சில நாள்களிலேயே உள்ளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்; ஒரு முறை நடுவில் வெட்டிப் பார்த்தால் தெரியும். தலையணை உறையையும் வாரம் ஒரு முறையாவது மாற்றுங்கள். இந்த முறையை எட்டு வாரங்கள் பின்பற்றியும் பருக்கள் குறையாவிட்டால், பயன்படுத்திய பொருள்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் செல்லுங்கள்; உட்பொருள் பட்டியலை அவர் நேரில் பார்க்க முடிந்தால் காரணத்தைக் கண்டறிவது எளிதாகும்.