கண்ணாடியின் கதை சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

அக்கா மகன் உயர்நிலை மூன்றில் படிக்கிறான். கண்ணாடித் தயாரிப்பின் வரலாறு பற்றி வகுப்பில் பேச வேண்டுமாம். சிங்கப்பூரில் சுங்கை காடுட்டில் நான் வேலை பார்க்கும் கண்ணாடிப் பட்டறைக்கே மடிக்கணினியோடு வந்துவிட்டான். “மாமா, சரியா இருக்கான்னு மட்டும் பாருங்க.” பார்த்தேன். அவனைக் குறை சொல்ல முடியாது, பாதிப் பேர் இந்தக் கதையை இப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் பக்கத்திலேயே கடற்கரைப் படம். நேட்ரான் என்ற சோடா உப்பை ஏற்றிவந்த வணிகர்கள், கல் கிடைக்காமல் உப்புக் கட்டிகளை அடுப்பாகக் கூட்டிச் சமைத்தார்களாம். மணலும் உப்பும் உருகிக் கண்ணாடியாக ஓடியதாம். எழுதி வைத்தவர் 1ஆம் நூற்றாண்டு ரோமானியர் பிளினி. அவர்கூட இதை ஒரு கேள்விப்பட்ட செய்தியாகத்தான் சொல்கிறார். நாம்தான் அந்த ‘தாம்’ஐ விழுங்கிவிட்டோம். சமையல் நெருப்பில் அவ்வளவு சூடு நிற்காது. மணலையும் சோடாவையும் கண்ணாடியாக்க 1,000 டிகிரி செல்சியஸுக்கும் மேல் விடாமல் எரிக்க வேண்டும். தவிர, பிளினிக்கு 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மெசொப்பொத்தேமியாவில் கண்ணாடி மணிகள் இருந்தன.

அடுத்த பக்கம் வெனிஸ், முரானோ, அப்புறம் நேராக இங்கிலாந்து. நம் பக்கம் ஒன்றுமே நடக்காத மாதிரி! புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் உருகிய கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கிச் சின்னஞ்சிறு மணிகள் செய்தார்கள். அந்த வகை மணிகள் தென்கிழக்காசியா முழுக்கக் கிடைக்கின்றன. நம் ஃபோர்ட் கேனிங் மலையைத் தோண்டியபோதும் 14ஆம் நூற்றாண்டுக் கண்ணாடி மணிகளும் சில்லுகளும் வந்தன என்றேன். உடனே இரண்டையும் முடிச்சுப் போட்டு எழுத ஆரம்பித்துவிட்டான். அதுவும் தவறுதான். அரிக்கமேடு செழித்தது அதற்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்னால். ஃபோர்ட் கேனிங் சில்லுகளில் சீனக் கண்ணாடியும் உண்டு.

‘கண்ணாடி ஒரு திரவம், அதனால்தான் பழைய தேவாலய ஜன்னல்கள் அடியில் தடித்திருக்கின்றன’ என்ற வரியை அப்படியே அடிக்கச் சொன்னேன். அந்தக் காலத்தில் தகட்டைச் சுழற்றி விரித்துச் செய்தார்கள், ஒரே தடிமன் வராது. அவ்வளவுதான்.

அவன் ஒரே வரியில் தாண்டிப்போன இடத்தில்தான் நான் அரை மணி நேரம் நின்றேன். ‘1952இல் அலஸ்டர் பில்கிங்டன் மிதவைக் கண்ணாடியைக் கண்டுபிடித்தார்.’ யோசனை வந்தது 1952இல். உலகுக்கு அறிவித்தது 1959 ஜனவரியில். நடுவில் கிடக்கும் ஏழு வருடத்தில்தான் கதையே இருக்கிறது. அதற்கு முன், பிம்பம் நெளியாத பெரிய கண்ணாடி வேண்டுமென்றால் வார்த்து உருட்டி, இரண்டு பக்கமும் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதற்குப் பதிலாக உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்க விட்டால் தானே சமமாகப் படியும். அந்த யோசனைகூடப் புதிதில்லை, அமெரிக்காவில் 1902லேயே ஒருவர் காப்புரிமை வாங்கியிருந்தார். வெள்ளீயம் ஏன்? 232 டிகிரியிலேயே உருகிவிடும். சுமார் 1,000 டிகிரியில் வந்து விழும் கண்ணாடி 600 டிகிரிக்கு ஆறி வெளியேறும்வரை அது கொதிக்கவும் செய்யாது, உறையவும் செய்யாது. காற்றுப் பட்டால் ஏடு கட்டிவிடும் என்பதால் மேலே நைட்ரஜனும் ஹைட்ரஜனும் நிரப்புவார்கள். சொல்ல எளிது. முழு அளவு ஆலையை ஓட்டி 14 மாதம் விற்க முடியாத கண்ணாடிதான் வந்தது. இன்னொன்று, பெயரைப் பார்த்து அவரை, அவர் வேலை பார்த்த பில்கிங்டன் நிறுவனத்து முதலாளி வீட்டுப் பிள்ளை என்று எழுதிவிடாதீர்கள். பெயர் ஒன்றுதான், குடும்பம் வேறு.

விளக்கை அணைத்துவிட்டு, நாங்கள் வேலைக்கு வைத்திருக்கும் சின்னப் புற ஊதா விளக்கை ஒரு மிதவைக் கண்ணாடித் துண்டின் மேல் பிடித்தேன். ஒரு பக்கம் சும்மா இருந்தது. திருப்பினால் பாலாடை படர்ந்தாற்போல் ஒரு வெண்மை. வெள்ளீயம் தொட்ட பக்கம் அது. பையன் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு பட்டறையில் இருந்த கண்ணாடியை எல்லாம் சோதிக்கக் கிளம்பிவிட்டான்.

கடைசிப் பக்கம்: ‘டெம்பர்டு கண்ணாடி உடையாது.’ ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் நள்ளிரவில், யாரும் தொடாமலேயே வெடித்துச் சிதறிய குளியலறைக் கதவை வாரிக் கொட்டியவன் நான். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று காற்றடித்துக் குளிர்விப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிட, உள்பகுதி ஆறும்போது அதை உள்ளே இழுத்துப் பிடிக்கும். பலம் அந்த இழுபறியில்தான். உள்ளே ஒரு நிக்கல் சல்ஃபைடு துகள் மாட்டியிருந்தால் அது வருடக்கணக்கில் மெல்லப் பருத்து, ஒருநாள் மொத்தத்தையும் உடைத்துவிடும். மழுங்கிய சிறு துண்டுகளாக உடைவதால்தான் அதைப் பாதுகாப்புக் கண்ணாடி என்கிறோம். உடைந்தும் கீழே விழாமல் ஒட்டி நிற்கும் லேமினேட்டட் கண்ணாடி வேறு. பிரான்சின் எட்வார்ட் பெனடிக்டஸ் அதற்கு 1909இல் காப்புரிமை எடுத்தார். இரண்டையும் குழப்பக் கூடாது.

வகுப்பில் காட்ட உள்ளங்கை அளவு டெம்பர்டு துண்டு ஒன்று வெட்டித் தரச் சொன்னான். வெட்டினால் அப்படியே பொடியாகும், முதலில் வெட்டிவிட்டுத்தான் டெம்பர் செய்வோம் என்றேன். சாதாரணத் துண்டு ஒன்றின் விளிம்பைத் தேய்த்துக் கொடுத்தேன். வெள்ளீயப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டான்.

கடற்கரைப் படத்தை மட்டும் எடுக்க மாட்டானாம், அழகாக இருக்கிறதாம். சரி, இருக்கட்டும். கீழே ‘என்று சொல்வார்கள்’ என்று சேர்க்கச் சொல்லி அனுப்பினேன்.