ஆங்கில வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்கள்: மாணவர்களைப் பேச வைப்பது எப்படி?

வகுப்புக்குள் நுழைந்ததும் ‘ஹவ் ஆர் யூ?’ என்று கேட்டால், எல்லோரும் ஒரே குரலில் ‘ஃபைன்’ என்பார்கள். பேச்சு அத்துடன் நின்றுவிடும். விடை முன்பே தெரிந்த கேள்விக்கு யாரும் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்வதில்லை. எனவே, கேட்பவருக்கு உண்மையிலேயே விடை தெரியாத ஒன்றிலிருந்து வகுப்பைத் தொடங்க வேண்டும்.

நான் அதிகம் நம்பும் முறை இது. வருகைப் பதிவைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு, கரும்பலகையில் ‘செவன்’, ‘ரெயின்’, ‘மை சிஸ்டர்’ என்று மட்டும் எழுதுங்கள். இவை உங்கள் வாழ்க்கையைப் பற்றிய மூன்று கேள்விகளுக்கான விடைகள் என்றும், அந்தக் கேள்விகளை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒருவர் ‘ஹவ் மெனி கேட்ஸ் டு யூ ஹேவ்?’ என்று கேட்க, நீங்கள் இல்லையென்று தலையசைக்க, அடுத்தவர் ‘வென் டு யூ வேக் அப்?’ என்று முயல்வதற்குள் கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். பிறகு ஒவ்வொருவரும் தம்முடைய மூன்று விடைகளைத் தாளில் எழுதிப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டட்டும்.

இந்த இருவர் பேச்சைத் தவிர்த்துவிடாதீர்கள். தனியே யோசித்து, இணையிடம் சொல்லிப் பார்த்து, அதன் பின்னரே அனைவர் முன்னும் பேசும் முறையை அமெரிக்கக் கல்வியாளர் ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார். கூச்சமுள்ள மாணவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஒத்திகை வேறில்லை. தொடக்கநிலையினருக்கு ‘ஐ திங்க்...’, ‘பிகாஸ்...’ போன்ற வாக்கியத் தொடக்கங்களைப் பலகையில் எழுதிவைத்தால் போதும்.

கேட்டபின் காத்திருப்பதுதான் ஆசிரியருக்குக் கடினமானது. ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை 3 நொடிகளுக்கு மேல் நீட்டினால் மாணவர்களின் விடைகளும் நீள்கின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து காட்டினார். வேற்றுமொழியில் சொல் தேடுபவருக்கு அதைவிடக் கூடுதல் நேரம் கொடுப்பதே நியாயம். மௌனத்தைக் கண்டு பதறி நீங்களே விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

பேச்சின் நடுவில் பிழை திருத்தவும் வேண்டாம். ‘ஷி கோ’ என்று காதில் விழுந்தால் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் முடிந்ததும் அந்த வாக்கியத்தை, சொன்னவர் யாரென்று காட்டாமல், பலகையில் எழுதி வகுப்பையே திருத்தச் சொல்லி, அங்கிருந்தே அன்றைய பாடத்துக்குள் செல்லலாம்.